பெருங்குடியில் விமானம் ஏறுமுன் போனில் முடிக்க வேண்டியவை

மதுரை விமான நிலைய வாசலில் ஒருவரை வழியனுப்ப ஒரு வேன் ஆள் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பருப்புப் பொடி, ஊறுகாய், வேட்டி, துண்டு என்று பெட்டியை மூன்று முறை எடை போட்டிருப்பார்கள். கையில் இருக்கும் போனைப் பற்றி மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். “அங்கே போய்ப் பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடுவார்கள். மேலூர்ப் பக்கத்திலிருந்து நான் சிங்கப்பூர் போனபோது அப்படித்தான் போனேன். போன பிறகு செய்யவே முடியாத வேலைகள் சில உண்டு. அவற்றை ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலில் உங்கள் ஊர் எண். வங்கி, ஆதார், வாட்ஸ்ஆப் எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் சிம் நிறுவனம் அந்த எண்ணை முடக்கிவிடலாம். பிறகு வேறொருவருக்குக் கொடுத்தும் விடுவார்கள். எனக்கு இரண்டாவது வருஷம் இது நடந்தது. தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் கணக்கில் பத்திரமாக இருந்தது. ஓடிபி மட்டும் செத்துப்போன எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. எண்ணை மாற்ற நேரில் வரச் சொன்னார்கள். அண்ணன் வட்டிக்கு வாங்கித்தான் கல்யாணத்தை முடித்தார். அந்த வட்டியை நான் ஒன்றரை வருஷம் கட்டினேன்.

அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் சிம் நிறுவனத்திடம் கேட்டுச் சர்வதேச ரோமிங்கை இயக்கிக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி வந்தால் போதும், டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். ரீசார்ஜ் தேதியைத் தம்பியிடமோ மனைவியிடமோ சொல்லி, காலண்டரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு சிம் போடும் போனாக எடுத்துச் செல்லுங்கள். அப்புறம் வங்கிக் கணக்கு. வெளிநாட்டில் வேலைக்குப் போகிறவர் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ என்ற வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும் என்பது விதி. அதுவோ, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் என்ஆர்இ கணக்கோ இருந்தால், சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உள்ளிட்ட சில நாடுகளின் எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்த 2023இல் வழி திறந்துவிட்டார்கள். உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கிளையில் கேட்டுவிட்டுப் போங்கள்.

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் ஐபிஏ என்ற வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதத்தைப் போட்டோ எடுத்து வைத்தால் மட்டும் போதாது, படிக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் தெளிவாக இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையும் கடிதத்தில் உள்ள தொகையும் ஒன்றாக இல்லையென்றால், மாட்டுத்தாவணிக்கு பஸ் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். கடிதம் உண்மையானதா என்பதை அந்நாட்டு மனிதவள அமைச்சின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். வேலை அனுமதியான பெர்மிட் கைக்கு வந்ததும் எஸ்ஜி வொர்க்பாஸ் என்ற அமைச்சின் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் பெர்மிட் இன்னும் செல்லுபடியாகிறதா என்பதை முதலாளியைக் கேட்காமலே அதில் பார்க்கலாம். எத்தனையோ பேர் தங்கள் பெர்மிட் ரத்தான விஷயமே தெரியாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அதற்காகவே இந்தச் செயலியை நான் முதலில் வைப்பேன்.

விமானம் ஏறுவதற்கு முன், சிங்கப்பூருக்குள் நுழைய எஸ்ஜி வருகை அட்டை என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். மைஐசிஏ செயலியிலோ குடிநுழைவு ஆணையத்தின் தளத்திலோ செய்யலாம், ஒரு காசு கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

வேலைக்குச் சேர்ந்து ஃபின் எண் (வெளிநாட்டவருக்கான அடையாள எண்) வந்த பின் சிங்பாஸ் போடுவீர்கள். நம் ஊர் ஆதாரும் டிஜிலாக்கரும் சேர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு திறப்பது முதல் அரசு வேலை எல்லாமே அதன் வழியாகத்தான். “உன் சிங்பாஸைக் கொடு, ஐந்நூறு வெள்ளி தருகிறேன்” என்று தொழிலாளர் தங்கும் டார்மிட்டரியில் யாராவது வருவார்கள். (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்.) நம் ஊர்க்காரராகவே இருப்பார், அண்ணே என்று கூப்பிடும் பழக்கம்கூட இருக்கும். கொடுக்காதீர்கள். அதை வைத்து மோசடிப் பணத்தை நகர்த்துவார்கள். விற்பதே அங்கே குற்றம். போலீஸ் தேடி வருவது உங்களைத்தான்.

போக்குவரத்து சுலபம். கூகுள் மேப்பில் பஸ் எண்ணும் எம்ஆர்டி எனும் மெட்ரோ ரயில் நிலையமும் சரியாகவே வரும். ஊரிலிருக்கும்போதே சிங்கப்பூர் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி, தங்கப் போகும் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியார் நிலையத்தில் பஸ் தானாக வந்து நிற்கும். அங்கே நிறுத்தத்தில் நின்று கை காட்ட வேண்டும். ஏறும்போது பயண அட்டையைக் கருவியில் தட்டுவது போல இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் போய்விடும். சிம்ப்ளிகோ செயலியில் எந்தப் பயணத்துக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்புக்குக் கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழையும் ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். மருந்துச் சீட்டையோ பாதுகாப்பு அறிவிப்பையோ கேமராவில் காட்டினால் ஓரளவு புரிந்துவிடும். சம்பளம், ஒப்பந்தம் மாதிரி விஷயங்களுக்கு மட்டும் அதை நம்பாமல் தெரிந்த மனிதரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்குப் பணம் அனுப்புவதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். 2023 பிப்ரவரி 21 அன்று நம் யுபிஐயையும், அதே மாதிரி சிங்கப்பூரில் இருக்கும் பேநவ் முறையையும் இணைத்தார்கள். சில வங்கிகளின் செயலியிலிருந்து நேராக ஊர்க் கணக்குக்குப் போகும். தொடங்கியபோது நாளொன்றுக்கு 60,000 ரூபாய், அதாவது ஏறக்குறைய 1,000 வெள்ளி என்று வரம்பு வைத்தார்கள். மற்றச் செயலிகளும் நிறைய இருக்கின்றன. “கட்டணம் இல்லை” என்ற விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். 500 வெள்ளி போட்டால் வீட்டில் எத்தனை ரூபாய் விழும் என்ற ஒரே எண்ணை இரண்டு மூன்று செயலியில் ஒப்பிடுங்கள். கட்டணத்தை விட்டுக்கொடுப்பது போல் காட்டி, மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

செயலி எதுவானாலும் பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோரில் மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்ஆப்பில் கல்யாணப் பத்திரிகை, வேலை விண்ணப்பம் என்று ஏபிகே கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். அது போனுக்குள் புகுந்து வங்கிச் செயலியைத் திறந்துவிடும். சிங்கப்பூரில் ஸ்கேம்ஷீல்டு என்ற மோசடித் தடுப்புச் செயலியைப் போட்டு வையுங்கள். மோசடியோ என்று சந்தேகம் வந்தால் அங்கிருந்தே 1799க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். அங்கே ஆம்புலன்ஸ் 995, போலீஸ் 999. சம்பளம் வரவில்லை, முதலாளி சரியில்லை என்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. அதைப் போனில் சேமித்ததோடு நிற்காமல் ஒரு தாளிலும் எழுதி பர்ஸில் வையுங்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் ஈசிஆர் வகையாக, அதாவது வேலைக்கு வெளிநாடு போகக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையாக இருக்கும். அவர்கள் நம் அரசின் இமைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். அமீரகத்தில் வாட்ஸ்ஆப் செய்தி போகும், அழைப்பு போகாது. அங்கே பலரும் பாட்டிம் என்ற அழைப்புச் செயலியைப் பயன்படுத்துகிறார்கள். அதை வீட்டார் போனிலும் போட்டுப் பேசிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டார் போன் என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் போன பிறகு அம்மாவின் போனைப் பார்த்துக்கொடுக்க ஆள் இருக்காது. கிளம்பும் முன் ஒரு மாலை முழுக்க அவருடன் உட்காருங்கள். உங்கள் படத்தைத் தொட்டால் வீடியோ அழைப்பு போகும்படி முகப்பில் வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். வைஃபை போனால் என்ன செய்வது என்று அவரையே செய்யச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல்லைப் பேசி வையுங்கள், வீட்டு ஆட்டின் பெயரோ கிணற்றுமேட்டின் பெயரோ எதுவாக இருந்தாலும் சரி. “உங்கள் மகன் போலீஸில் மாட்டியிருக்கிறான், உடனே பணம் அனுப்புங்கள்” என்று யாராவது மிரட்டினால், அந்தச் சொல்லைக் கேட்கட்டும்.

சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடும். முகப்பில் இரண்டு கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரவு பத்து என்றால் மேலூரில் ஏழரை. அம்மா உலையை இறக்கிவிட்டுத் திண்ணைக்கு வரும் நேரம் அது, அப்போது கூப்பிடுங்கள்.