வீட்டுப் புழக்கத்தைப் பார்த்துப் பொருள் வடிவமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடிவமைப்பு படித்துவிட்டு வருகிறவர்களின் முதல் வரைபடங்கள் அடிக்கடி என் மேசைக்கு வரும். எங்கள் தலைமுறை விழுந்த அதே குழியில் வரிசையாக வந்து விழுகிறார்கள். தப்பாக அளவெடுப்பது, விளிம்பை மழுக்காமல் விடுவது போன்றவை ஒரு தடவை கையைக் கிழித்தால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பி வருவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கேள்வித்தாளை நீட்டி "என்ன சிரமம்?" என்று கேட்கிறார்கள். வருஷக்கணக்கில் பழகிப்போன சிரமம் யார் வாயிலும் வராது.

சமையலறைச் சாமான் செய்யும் ஆக்ஸோ நிறுவனத்தின் அளவுக் குவளை இதற்கு நல்ல உதாரணம். பழைய குவளையில் என்ன குறை என்று கேட்டபோது, விழுந்தால் உடைகிறது, எண்ணெய்க் கையில் வழுக்குகிறது, கைப்பிடி சுடுகிறது என்றார்கள். சரி, அளந்து காட்டுங்கள் என்றதும், ஊற்றினார்கள், குனிந்து கோட்டைப் பார்த்தார்கள், இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள், மறுபடி குனிந்தார்கள். அந்தக் குனிதலைக் குறையென்று யாருமே சொல்லியிருக்கவில்லை. குவளைக்குள் சரிவாக ஒரு பட்டை வைத்து அதில் அளவுகளைப் போட்டதும், நின்றபடியே படிக்க முடிந்தது.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் மூடி போட்ட டப்பா ஒன்று செய்தார்கள். கேட்ட எல்லாரும் "ஒழுகக் கூடாது" என்றார்கள். ஆகவே நாலு பக்கமும் விறைப்பான கிளிப். ஒழுகவில்லைதான். ஆனால் இடுப்பில் குழந்தையோடு ஒற்றைக் கையால் திறக்கப் பார்த்தவர்களுக்கு நகம்தான் உடைந்தது. யாராவது ஒரு சமையலறையில் அரை மணி நேரம் சும்மா நின்றிருந்தால் போதும், தெரிந்திருக்கும்.

அதற்குள் பிளாஸ்டிக்கை நிரப்பி டப்பா வார்க்கும் எஃகு அச்சு வெட்டியாகிவிட்டது. பிளாஸ்டிக்கைத் தடிமனாக்க வேண்டுமென்றால் அச்சில் இன்னும் கொஞ்சம் எஃகைச் சீவினால் ஆயிற்று. கிளிப்பின் மடிப்பை மெலிதாக்க வேண்டுமென்றால் வெட்டிய இடத்தில் எஃகைப் பற்றவைத்துச் சேர்த்து மறுபடி செதுக்க வேண்டும். செலவும் காலமும் அங்கேதான் கரைந்தன. இவ்வளவுக்குப் பிறகும் அடுத்த பொருளுக்கு இன்னொரு கேள்வித்தாள் தயாரானது!

முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது

வீட்டைச் சுத்தம் செய்து வைத்துவிடுவார்கள். மேசைக் கால் ஆடாமல் இருக்கச் சொருகிய அட்டை, கைப்பிடியில் சுற்றிய ரப்பர் பேண்ட், ஜிப்பில் கட்டிய நூல், எல்லாம் போய்விடும். நீங்கள் பார்க்கப் போனதே அதைத்தான்.

கதையில் மயங்குவது

சமைக்கும்போது மனைவி அடிக்கடி விரலை வெட்டிக்கொண்டதைப் பார்த்து ஏர்ல் டிக்சன் 1920-ல் பேண்ட்-எய்டை உருவாக்கினார் என்று எல்லாரும் உருகுவார்கள். கவனிக்க வேண்டியது அவர் தீர்த்த சிக்கலை. காயம்பட்டவருக்கு மிச்சம் இருப்பது ஒரு கைதான், கட்டுப்போடத் துணைக்கு ஆளில்லை. அதனால் ஒட்டுநாடாவின் நடுவே பஞ்சுத்துணியை முன்கூட்டியே வைத்து, பசை காயாமல் இருக்க மேலே ஒரு துணியால் மூடினார். வேண்டும்போது ஒரு துண்டு வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். பாசம் மட்டும் இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு ஆறுதல் வார்த்தைதான் கிடைத்திருக்கும்.

ஒரே வயதுக்காரருக்குச் செய்வது

நார்வே வடிவமைப்பாளர் பீட்டர் ஓப்ஸ்விக்கின் மகனுக்குக் குழந்தை நாற்காலி சிறிதாகிவிட்டது, பெரியவர்கள் நாற்காலியிலோ கால் தொங்கியது. அவர் வடிவமைத்து 1972-ல் வந்த டிரிப் டிராப் நாற்காலியில் இருக்கைப் பலகையையும் கால்பலகையையும் வேண்டிய உயரத்துக்கு மாற்றிச் செருகலாம். பிள்ளை வளர வளர அதே நாற்காலி.

"நோயாளிக்கு" என்று ஒதுக்குவது

ஆக்ஸோவின் நிறுவனர் சாம் ஃபார்பர் மூட்டுவலியுள்ள மனைவியை நினைத்துத் தொடங்கிய தடித்த ரப்பர் கைப்பிடிச் சமையலறைச் சாமான்கள் 1990-ல் கடைக்கு வந்தன. எல்லாரும் வாங்கினார்கள்.

கழுவுவதை மறப்பது

விரல் போகாத சந்து, கழற்ற முடியாத ரப்பர் வளையம்: இரண்டில் எது இருந்தாலும் வரைபடத்தை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.