நோயிலிருந்து மீளும்போது தியானம், மூச்சுப் பயிற்சி, பிரார்த்தனை: எங்கெங்கே பிசகுகிறது?

பெரிய நோயிலிருந்தோ அறுவை சிகிச்சையிலிருந்தோ மீண்டு வருகிறவர் தியானமும் மூச்சுப் பயிற்சியும் தொடங்கினால், சில வாரங்களில் தூக்கம் ஓரளவு சீராகலாம். வலி இருந்தாலும் முன்போல ஆளை அலைக்கழிக்காது. முகத்தில் கொஞ்சம் தெளிவு வரும். இது மெய்யான பலன்தான். சிக்கல் அதற்கு அடுத்து எழும் எண்ணத்தில் இருக்கிறது: “இப்பதான் நல்லா இருக்கே, இனி எதுக்கு மாத்திரை?”

நலமாக உணர்வது ஒன்று, நோய் அடங்கியிருப்பது வேறொன்று. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

மருந்தைத் தாமாகவே குறைத்துக்கொள்வது

வலி என்பதில் உடலிலிருந்து வரும் உணர்வும் உண்டு, அதை நினைத்து மனம் படும் பாடும் உண்டு. மனப் பயிற்சி பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தணிக்கிறது. ஆனால் உயர் ரத்த அழுத்தமும் கூடிய சர்க்கரையும் பல நேரம் எந்த உணர்வையும் தருவதில்லை. கண்ணை மூடி எவ்வளவு நேரம் கவனித்தாலும் அவை பிடிபடாது, அளந்தால்தான் தெரியும்.

சில மருந்துகளைச் சட்டென்று விடுவது நோயைவிட மோசமாகிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவரின் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து வரலாம். இதயத் துடிப்பையும் அழுத்தத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கரை ஒரே நாளில் விட்டால் துடிப்பு எகிறலாம், நெஞ்சுவலி திரும்பலாம். அடைத்த இதயக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழல் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். வலிப்பு மருந்தும் அப்படித்தான். காசநோயில் வழக்கமான சிகிச்சை 6 மாதம். இருமலும் காய்ச்சலும் முதல் சில வாரங்களிலேயே குறைந்துவிடுவதால், பாதியில் விட்டு, மருந்துக்கு அடங்காத கிருமியோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு.

பயிற்சியால் ரத்த அழுத்தம் சற்றுக் குறைவதும் நடக்கக்கூடியதே. அதை நிரூபிக்க வழி இருக்கிறது. ஒரு வாரம் காலையில் மாத்திரை போடுமுன்னும் இரவு படுக்குமுன்னும் அளந்து எழுதுங்கள். சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுக்க வேண்டும். தியானம் முடிந்த கையோடு எடுக்காதீர்கள். அப்போது வரும் எண் அன்றைய மற்ற நேரத்தின் நிலையைக் காட்டாது. அதை நம்பி மருந்தைக் குறைப்பதுதான் அதிகம் நடக்கும் பிசகு. எழுதிய தாளை மருத்துவரிடம் கொடுத்தால், குறைக்க இடமிருந்தால் அவரே குறைப்பார்.

“நோய் வெளியே போகுது” என்று அறிகுறியை விட்டுவிடுவது

பயிற்சி தொடங்கியதும் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ தோலில் தடிப்போ வந்தால், “உடம்பு சுத்தமாகுது, பொறுத்துக்கோங்க” என்று சொல்கிற ஆட்கள் எங்கும் இருக்கிறார்கள். இதைவிட ஆபத்தான அறிவுரை இந்தத் துறையில் குறைவு. கீமோதெரபியில் இருப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே அவசரம்தான். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் தொற்று சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். பாரசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் பேச வேண்டும்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைப் பிடித்துவிடவோ எண்ணெய் போட்டு நீவவோ கூடாது. அதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால், உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். வியர்வையோடு வரும் நெஞ்சு இறுக்கம், திடீரென ஒரு பக்கம் கை கால் சோர்வது, பேச்சு குழறுவது, தையல் போட்ட இடம் சிவந்து சீழ் வைப்பது ஆகியவற்றுக்கும் தியானத்தில் பதில் இல்லை.

வலிக்கும் இடத்திலேயே மனதை நிறுத்துவது

இது நேர் எதிர்ப் பக்கத்துத் தவறு. உடலைக் கவனிக்கச் சொன்னதும் சிலர் நாள் முழுக்கத் தையலையும் நெஞ்சுத் துடிப்பையும் காவல் காக்கத் தொடங்குகிறார்கள். மூளை எதைக் கூர்ந்து கவனிக்கிறதோ, அதன் ஒலி கூடும். சாதாரணத் துடிப்பும் அபாயமாகத் தெரியும். பயத்தில் துடிப்பு மேலும் ஏறும்.

மனதால் உடலை வருடிப் பார்க்கும் பயிற்சியை இப்படிச் செய்தால் இந்த வம்பு இல்லை. படுத்தோ சாய்ந்தோ 10 நிமிடம் போதும். பாதத்தில் தொடங்கி, கெண்டைக்கால், தொடை, இடுப்பு, வயிறு, கை, தோள், முகம் என்று ஒவ்வொரு இடத்திலும் மூன்று நான்கு மூச்சு மட்டும் நில்லுங்கள். புண்ணோ வலியோ உள்ள இடம் வந்தால் அதன் நடுவுக்குப் போகாதீர்கள். வலி எங்கே முடிகிறது, அதைத் தாண்டி எந்த இடம் சாதாரணமாக இருக்கிறது என்று ஓரத்தை மட்டும் பாருங்கள். பிறகு வலியே இல்லாத ஓரிடத்துக்கு, உள்ளங்கைக்கோ பாதத்துக்கோ, திரும்புங்கள். எல்லா இடத்திலும் “தளர வேண்டும்” என்று முயலவும் வேண்டாம். தூக்கம் வந்தால் தூங்கலாம். மீண்டு வரும் உடலுக்கு அது நஷ்டமில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கண்ணை மூடியதும் அந்த நாட்களின் மெஷின் சத்தம், குழாய், மூச்சு முட்டல் எல்லாம் திரும்பி வரலாம். அப்படி வந்தால் “தாங்கிக்கொண்டு தொடர்ந்தால் சரியாகும்” என்று பல்லைக் கடிக்க வேண்டாம். கண்ணைத் திறந்து, எதிரே தெரியும் பொருள்களைப் பெயர் சொல்லி, பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். அடுத்த முறை கண்ணைத் திறந்துகொண்டே 3 நிமிடம் மட்டும். அடிக்கடி வந்தால் மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம் அது.

மூச்சை வதைப்பது

ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் நிறைய சேரும் என்பது பரவலான நம்பிக்கை. நுரையீரல் நன்றாக இருப்பவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிறைந்துதான் இருக்கிறது. வேக மூச்சில் நடப்பது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறுவது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும். இந்த மரமரப்பைச் சக்தி ஏறுவதாகச் சொல்லித் தருகிற வகுப்புகளும் உண்டு.

மூச்சை அடக்கிக்கொண்டு முக்குவது இன்னொன்று. அப்போது நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் அழுத்தம் ஏறி, ரத்த அழுத்தம் தாறுமாறாகிறது. இதய நோயாளிகளுக்கும், குடலிறக்கம், வயிறு, கண் ஆகியவற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும் இது ஆகாது. வயிற்றை வெட்டி இழுத்து மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதி போன்ற பயிற்சிகளையும் இவர்கள் தள்ளிவைக்க வேண்டும். கபாலபாதியால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்த ஒரு நோயாளியைப் பற்றி 2004-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அரிதுதான், ஆனால் நுரையீரல் ஏற்கெனவே பழுதானவர் சோதித்துப் பார்க்க வேண்டிய காரியமில்லை.

மீட்புக் காலத்துக்கு மெதுவான மூச்சே போதும். 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே, நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 மூச்சு, 5 நிமிடம். அடக்கி வைப்பது இல்லை. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்குகிறது, அமைதி அங்கிருந்துதான் வருகிறது. 6 நொடி எட்டவில்லை என்றால் 3 நொடி உள்ளே, 4 நொடி வெளியே போதும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர் மூக்கால் 2 எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து 4 எண்ணும் வரை மெல்ல விடலாம். ஊதித் தள்ளக் கூடாது. தலை சுற்றினால் எண்ணுவதை விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

சம்மணம் போட்டே ஆக வேண்டும் என்ற பிடிவாதம்

இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு முதல் சில வாரங்கள், மருத்துவர் சொல்லும் வரை, இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கலாம். அறுவை செய்த முறையைப் பொறுத்தது அது. அவர் தரையில் சம்மணமிட்டுத் தியானம் செய்தால் மூட்டு நழுவக்கூடும். உயரமான நாற்காலி, சாய்மானம், இரண்டு பாதமும் தரையில். தியானத்துக்கு இதில் எந்தக் குறையும் இல்லை.

பைபாஸ் ஆனவருக்கு மார்பெலும்பு சேர 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை கையை ஊன்றி உடல் எடையைத் தாங்கும் ஆசனங்கள் வேண்டாம். எலும்பு மெலிந்தவர் முதுகை வளைத்து முன்னால் குனிந்தால் முதுகெலும்பு நசுங்கி உடையலாம். கண் அழுத்த நோய் உள்ளவர் தலைகீழாக நிற்கவே கூடாது. எல்லோருக்கும் பொதுவானது ஒன்று: நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழ நேரலாம். கால் விரல்களைப் பத்துத் தடவை அசைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள்.

நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்து தீர்ப்பது

ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய மனக்கவனப் பயிற்சி 8 வாரம் நீளும். வீட்டில் தினமும் 45 நிமிடம். அதைப் படித்துவிட்டு, மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாம் நாளே 45 நிமிடம் உட்காரப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். 5 நிமிடம் வீதம் நாளைக்கு இரண்டு தடவை, ஒரு வாரம் அப்படியே. பிறகு ஒரு சில நிமிடம் கூட்டலாம். அசைவு சேர்ந்த பயிற்சியானால், பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவு சரி.

வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு மாதக்கணக்கில் சோர்வு நீடிப்பவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். இவர்களில் சிலருக்கு உழைப்பின் விலை அன்றே தெரியாது. 12 முதல் 48 மணி நேரம் கழித்துப் படுக்கையில் தள்ளும். நாட்பட்ட சோர்வு நோய்க்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் முறையை பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2021-ல் கைவிட்டது. செய்த அளவையும் இரண்டு நாள் கழித்து உடல் இருந்த நிலையையும் ஒரே தாளில் எழுதினால்தான் உங்கள் வரம்பு புரியும்.

நம்பிக்கையைத் தேர்வாக்குவது

“நீ மனசு வெச்சா சரியாயிடும்” என்று வீட்டில் சொல்வது அன்பில்தான். ஆனால் நோய் திரும்பினால், படுத்திருப்பவர் அந்த வாக்கியத்தை “நான் சரியா மனசு வெக்கல” என்று மாற்றிக்கொள்கிறார்.

இதில் ஆய்வுகள் சொல்வதைத் தெரிந்துகொள்வது நல்லது. உடலின் பிற இடங்களுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களை வைத்து 1989-ல் வெளியான ஆய்வில், ஆதரவுக் குழுவில் வாரம்தோறும் பேசியவர்கள் ஏறக்குறைய இரட்டிப்புக் காலம் வாழ்ந்ததாகத் தெரிந்தது. உலகமே பேசியது. 2001-ல் வெளியான வேறொரு ஆய்வில் 235 பெண்களை வைத்து அதையே செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. வலியும் மனவேதனையும் குறைந்தன. 1989 ஆய்வை நடத்தியவரே 2007-ல் திரும்பச் செய்தபோதும் ஒட்டுமொத்தமாக ஆயுள் கூடவில்லை. ஆக, அழுததால் கட்டி வளர்ந்துவிடாது. சோர்ந்த நாளில் சோர்ந்திருக்கலாம். வலி குறைவதே சின்னப் பலனும் இல்லை.

பிரார்த்தனை பற்றி 2006-ல் வந்த பெரிய ஆய்வு பைபாஸ் நோயாளிகள் 1802 பேரைப் பார்த்தது. முன்பின் தெரியாதவர்கள் தமக்காக வேண்டுகிறார்களா என்று தெரியாமல் இருந்தவர்களில், பிரார்த்தனை செய்யப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் செய்யப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது. வேண்டுகிறார்கள் என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். நோயாளி தானே செய்யும் பிரார்த்தனை தரும் ஆறுதலை இந்த ஆய்வு அளக்கவில்லை. ஆனாலும் “ஊரே உனக்காக வேண்டிக்குது” என்பதை ஒருவர் தலையில் கடனாக ஏற்றாமல் இருப்பது நல்லது. “இன்னைக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலைத் திருத்தாமல் கேட்பது போதும்.

விளக்கும் விரதமும்

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர் அருகே விளக்கோ மெழுகுவத்தியோ ஊதுவத்தியோ கூடாது. குறைந்தது 3 மீட்டர் தள்ளி. மெஷினை நிறுத்திய பிறகும் துணியிலும் தலைமுடியிலும் ஆக்சிஜன் சிறிது நேரம் தங்கியிருக்கும். முகத்தில் எண்ணெய்ப் பசையுள்ள களிம்பும் வேண்டாம். ஆக்சிஜன் இல்லாவிட்டாலும், நுரையீரல் நோயாளியின் அறையில் புகை ஆகாது.

இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் கேட்காமல் விரதம் இருந்தால் சர்க்கரை 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே போகலாம். நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் விரதத்தை அங்கேயே முடித்து 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். விரதம் முக்கியமானால், இரண்டு மூன்று வாரம் முன்பே மருத்துவரிடம் சொன்னால் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற முடிகிறதா என்று அவர் பார்ப்பார்.

குணமாக்குகிறேன் என்பவரிடம் கேட்காமல் விடுவது

நல்ல வழிகாட்டி உங்கள் மருந்துச் சீட்டைப் பார்க்கக் கேட்பார், மருத்துவரிடம் சொல்லிவிட்டீர்களா என்பார். விலக வேண்டியவர் “ஸ்கேன் எடுத்தா சக்தி கலைஞ்சிடும்” என்பார், உறுதிமொழி தருவார், பலன் இல்லையென்றால் உங்கள் நம்பிக்கையில் குறை காண்பார். பரவாத நிலையில் இருந்த புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று முறையை மட்டும் தேர்ந்த 281 பேரை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது (2018), வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு இருந்தது. மூலிகைப் பொடி கொடுத்தால் அதன் பெயரைக் கேட்டு வாங்குங்கள். மனச்சோர்வுக்கு விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் சைக்ளோஸ்போரினின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும்.

மனச்சோர்வையும் ஆன்மிகச் சோதனை என்று சகித்துக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு இருந்தால் அது சிகிச்சை உள்ள நோய். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மருந்துப் பட்டியலின் கீழே பயிற்சியின் பெயர், நாளைக்கு எத்தனை நிமிடம், விரத நாட்கள், பொடிகள், எண்ணெய்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர்கள் பெரும்பாலும் தாங்களாக இதைக் கேட்பதில்லை.