குடிசை எரிந்த குடும்பங்களுக்காக மாரத்தான் ஓட: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தீப்பிடித்த அன்றே சாப்பாட்டுப் பொட்டலம் வரும், பாய் வரும், மூட்டை மூட்டையாகப் பழைய துணி வரும். கொஞ்ச நாளில் எல்லாம் நின்றுவிடும். மாரத்தானுக்கு ஒழுங்காகத் தயாராக 18 வாரம் வேண்டும். நீங்கள் ஓடி முடிக்கும்போது தீ விபத்து நடந்து நாலு மாதம் தாண்டியிருக்கும். வாடகை அட்வான்சும் தொழில் சாமானும் பெரிய பாரமாக நிற்பது அப்போதுதான். அதனால் அந்த நாலாவது மாதத்துக்கென்றே நிதியைத் திரட்டுங்கள். முதல் வாரத் தேவைக்கு மாரத்தான் ஒத்துவராது.

ஷூ வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். அந்தத் தெரு நம்பும் ஒருவரை, உதாரணமாக மகளிர் குழுத் தலைவியை, கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். குடும்பத்துக்கு ஒரு பக்கம்: எது எரிந்தது, எது வந்துவிட்டது, எது இன்னும் வரவில்லை. "என்ன வேணும்?" என்றால் பாதிப் பேர் கூச்சப்பட்டு "எதுவும் வேணாம்" என்பார்கள். "நாளைக்கு வேலைக்குப் போக எது இல்லாம நிக்குது?" என்று கேளுங்கள், பதில் வரும். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவுக்கு ஐஸ் பெட்டி, அன்னக்கூடை, தராசு. வலைக்காரருக்கு வலைதான், நைலான் உருகிக் கட்டியாகிவிட்டால் அதில் ஒரு முழம்கூடத் தேறாது. தையல் மெஷின் அப்படியல்ல. பலகையும் பெல்ட்டும் சாம்பலானாலும் இரும்புத் தலை சில சமயம் பிழைக்கும், மெக்கானிக் பார்த்துச் சொல்லும்வரை புதிது வாங்காதீர்கள்.

காகிதங்களுக்கும் பணம் ஒதுக்குங்கள். ஸ்மார்ட் கார்டு, ஆதார், பள்ளிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் நடை, ஜெராக்ஸ், ஒருநாள் கூலி இழப்பு. இடிபாட்டை அள்ளுவதற்கு முன் போட்டோ எடுத்தார்களா, தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுத்தார்களா என்று விசாரியுங்கள்.

இனி கணக்கு. 12 குடும்பம், குடும்பத்துக்கு 10,000 என்றால் 1,20,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 50 ரூபாய் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் மாரத்தானின் 42 கிலோமீட்டருக்கு 2,100. அப்படி 60 பேர் சேர்ந்தால் 1,26,000 ஆகிவிடும். ஆயிரம் பேருக்கு ஃபார்வர்ட் போடுவதைவிட இந்த 60 பேரிடம் போனில் பேசுவதுதான் பலன் தரும். "ஓடி முடிச்சா தர்றேன்" என்பவரிடம் பணிவாக முன்பணமே கேளுங்கள். உங்கள் முழங்கால் மக்கர் செய்தால் அந்தக் குடும்பங்கள் நஷ்டப்படக் கூடாது.

பணம் உங்கள் சொந்தக் கணக்கில் விழ வேண்டாம். பதிவான அறக்கட்டளை ஒன்றின் கணக்கே நல்லது. 80ஜி எனப்படும் வருமான வரிச்சலுகை ரசீதை அதற்கான அங்கீகாரம் உள்ள அறக்கட்டளையால்தான் தர முடியும், அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தக்காரரிடம் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் வாங்காதீர்கள். நுழைவுக் கட்டணமும் ஷூவும் உங்கள் கைக்காசு என்பதை முதல் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். வாரம் ஒருமுறை வரவைக் குரூப்பில் போடுங்கள்.

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானைக் குறிவைத்தால் செப்டம்பர் தொடக்கத்தில் பயிற்சியை ஆரம்பிக்க வேண்டும். இப்போதே 10 கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடியாதென்றால் 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுங்கள், கிலோமீட்டர் கணக்கை விட்டு ஆளுக்கு 2,100 என்றே கேட்டால் நிதி ஒன்றும் குறைந்துவிடாது. சர்க்கரை, பிரஷர், நெஞ்சு வலி இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் தொடங்காதீர்கள்.

வாரம் நாலு நாள் போதும். மூன்று நாள், பேசினாலும் மூச்சு வாங்காத வேகத்தில் 6 முதல் 10 கிலோமீட்டர், ஞாயிறு நீண்ட ஓட்டம். ஞாயிறுகளில் 12, 14, 16 என்று ஏற்றி, நாலாவது வாரம் 11க்கு இறங்குங்கள். பிறகு 18, 20, 22, மறுபடி 15. இப்படியே போய் 15ஆம் வாரம் 32. அதன்பின் 22, 14, அடுத்த ஞாயிறு போட்டி. இறங்கும் வாரத்தைத் தாண்டிக் குதிப்பவர்களுக்குத்தான் கெண்டைக்காலும் முழங்காலும் முதலில் பேசும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் ஓட வேண்டாம். கன்டெய்னர் லாரி வரிசை, புழுதி, டீசல் புகை, இதெல்லாம் நடப்பவரைவிட ஓடுபவரின் நெஞ்சுக்குள் பல மடங்கு போகும். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததை அந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். மணலி, எண்ணூர் பக்கம் மூக்கு எரிந்தால் அன்றைய ஓட்டத்தை விட்டுவிட்டு, ஈரத்துணியால் மூக்கை மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகுங்கள். நீண்ட ஓட்டத்துக்கு திருவொற்றியூரிலிருந்து ராயபுரம், ராஜாஜி சாலை வழியாக மெரினா, திரும்பி வர மெட்ரோ. அக்டோபர், நவம்பர் மழையில் புளியந்தோப்பு, வியாசர்பாடித் தெருக்களில் தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். திறந்த மேன்ஹோலும் மின்கசிவும் கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கு பெரம்பூர் முரசொலி மாறன் பூங்காவையே சுற்றுங்கள். நாய் துரத்தினால் ஓடாமல் நின்று, மெதுவாக நடங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பும் குளிராது. ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. எடை கூடியிருந்தால் தண்ணீர் அதிகம், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அது உயிருக்கே ஆபத்து. ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள், குறைத்துக் கெட்டியாக்கினால் வயிறு கலங்கும். 45 நிமிடத்துக்கு ஒரு வாழைப்பழம் அல்லது நாலைந்து பேரீச்சை. தொடை இடுக்கிலும் மார்புக் காம்பிலும் வாசலின் தடவாமல் 30 கிலோமீட்டர் ஓடினால் பனியனில் ரத்தம் தெரியும். ஷூ புதிது என்றால் போட்டிக்கு முன் 80 கிலோமீட்டராவது பழக்குங்கள்.

போட்டியன்று முதல் 10 கிலோமீட்டரைப் பயிற்சி வேகத்தைவிட மெதுவாகவே ஓடுங்கள். 32க்கு மேல் கால் கல்லாவது பெரும்பாலும் அந்த ஆரம்பப் பாய்ச்சலால்தான். தலைசுற்றல், குளிர் நடுக்கம், குழப்பம் வந்தால் நின்றுவிடுங்கள், பணம் ஏற்கெனவே சேர்ந்தாயிற்று.

முடித்து இரண்டு வாரத்துக்குள் சாமான் போய்ச் சேர வேண்டும். பாரிமுனைக் கடைக்கு அந்தக் குடும்பத்தாரையும் அழைத்துப் போங்கள், தையல் மெஷினைத் தைப்பவரே மிதித்துப் பார்த்து வாங்கட்டும். பில் அவர் பெயரில். நன்கொடையாளர்களுக்கு பில்லின் போட்டோவை அனுப்பினால் போதும், பிள்ளைகளின் முகம் அதில் வேண்டாம்.