4 ஜிபி மடிக்கணினியும் தொலைவில் ஓடும் இயந்திரமும்

கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் சிலர், கோயம்புத்தூரில் இருந்துகொண்டே மொபைல் ஸ்டார்ட்டர் வழியாகக் கிணற்று மோட்டாரை ஓட்டுவதுண்டு. 4 ஜிபி நினைவகம் (ராம்) மட்டுமே உள்ள மடிக்கணினி தாங்காத வேலையை இணையம் வழியே செய்துதரும் கிளவுட் சேவையும் அத்தகையதே. கையில் இருப்பது பொத்தான். உழைக்கும் இயந்திரம் வேறோர் ஊரில். வேறுபாடு ஒன்றுதான்: தமிழ்நாட்டில் தோட்டத்து மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், கிளவுட் இயந்திரத்துக்கோ மணிக்கணக்கில் பணம். ஆகவே, தொடங்குவதைவிட நிறுத்துவதைப் பற்றியே இங்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

உலாவியில் திறப்பவை எல்லாம் கிளவுட் அல்ல என்பதை முதலில் தெளிந்துகொள்வது நல்லது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் வரைபவர் பயன்படுத்தும் போட்டோபீ, உலாவியில் இயங்கினாலும் உங்கள் மடிக்கணினியின் ராமையே எடுத்துக்கொள்கிறது. 4 ஜிபி கணினியில் பெரிய கோப்பைத் திறந்தால் அது திணறும். மாறாக, பம்பு உதிரிபாகம் வரைவதற்கான ஆன்ஷேப்பில் கணக்கீட்டின் பெரும்பகுதி சர்வரில் நடக்கிறது. ஆனால் அதன் இலவசத் திட்டம் வணிகப் பயன்பாட்டுக்கு உரியதன்று. அதில் வரையும் வரைபடங்கள் யாரும் பார்க்கும்படி பொதுவில் இருக்கும். வாடிக்கையாளரின் வரைபடத்தை அங்கே வைப்பது கூடவே கூடாது.

பைதான் நிரல்மொழி கற்கும் மாணவருக்கு, உலாவியிலேயே நிரல் எழுதி கூகுளின் கணினியில் ஓட்ட உதவும் கூகுள் கோலாப்பே போதும். இலவசப் பயன்பாட்டில் ஓர் அமர்வு அதிகபட்சம் 12 மணி நேரம் நீடிக்கலாம். முன்னரே துண்டிக்கப்படவும் கூடும். துண்டிக்கப்பட்டால் அந்த அமர்வில் இருந்த கோப்புகள் அழிந்துவிடும் என்பதால், தொடங்கியவுடன் கூகுள் டிரைவை இணைத்து, முடிவுகள் அங்கே சேரும்படி செய்ய வேண்டும். டிரைவின் இலவச 15 ஜிபி இடத்தை ஜிமெயிலும் போட்டோஸும் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இவை போதாதபோதுதான் தனி இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். அப்போது அந்த இயந்திரம் எந்த ஊர்த் தரவு மையத்தில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் புதிய கணக்கில் அமெரிக்க மையமே தெரிவாகியிருக்கலாம். கொங்கு நாட்டிலிருந்து அங்கே போய்த் திரும்ப ஏறத்தாழக் கால் வினாடி ஆகும். தட்டும் ஒவ்வோர் எழுத்திலும் அந்தத் தாமதம் தெரியும். அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும் ஐதராபாத்தில் 2022 முதலும், மைக்ரோசாஃப்ட் அஷூருக்குச் சென்னையிலும் மையங்கள் உள்ளன. இருப்பவற்றுள் சிறிய, உபுண்டு என்னும் இயங்குதளம் உள்ள இயந்திரத்திலிருந்தே தொடங்கலாம். பின்னர் பெரிதாக்கிக்கொள்ள முடியும். தொலைவிலுள்ள இயந்திரத்துக்குள் பாதுகாப்பாக நுழைந்து எழுத்துக் கட்டளைகளால் இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வசதி விண்டோஸ் 10இலும் 11இலும் இருப்பதால் வேறு மென்பொருள் வேண்டியதில்லை. அந்த இயந்திரத்தின் திரையையே இங்கே காட்டும் தொலைதிரையைவிட எஸ்எஸ்ஹெச்சுக்கு மிகக் குறைந்த டேட்டாவே செலவாகும்.

உள்ளே நுழைந்ததும் டிமக்ஸ் என்னும் நிரலைத் திறந்து, அதற்குள்ளேயே வேலையைத் தொடங்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரம் நிற்கும் நாளில், மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு, வைஃபை ரவுட்டருக்கு இல்லை. இணைப்பு அறுந்தாலும் டிமக்ஸுக்குள் இருக்கும் வேலை சர்வரில் ஓடிக்கொண்டேயிருக்கும்; கைப்பேசி ஹாட்ஸ்பாட் வழியே திரும்ப நுழைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இனி நிறுத்துதல். மடிக்கணினியை மூடுவதால் இயந்திரம் நிற்காது. ஒரு பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்ட அவசரத்தில் நான் மூடியை மட்டும் மூடிவிட்டுப் போய், மாட்டுப் பொங்கல் முடிந்து திரும்பியபோதுதான் அதை உணர்ந்தேன். சேவையின் பக்கத்துக்குச் சென்று நிறுத்தினால் கணிப்பொறிக்கான வாடகை நின்றுவிடும். ஆனால் வட்டுக்கும், ஒதுக்கி வைத்த நிலையான இணைய முகவரிக்கும் (ஐபி) கட்டணம் தொடரும். செலவு வரம்பு எச்சரிக்கையை அமைப்பது அவசியந்தான். எனினும், அது மின்னஞ்சல் அனுப்புமே தவிர, நாம் தனியாக ஏற்பாடு செய்யாதவரை எதையும் நிறுத்தாது. செலவுக் கணக்கும் சில மணி நேரம் பிந்தியே வரும். எனவே, அமேசான் இயந்திரம் என்றால், தினமும் இரவு 10 மணிக்கு அது தானே அணையும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் உபுண்டுவின் கிரானில் ஒரு வரி எழுதிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னே. ஆகவே அங்கே 16.30 என்று குறிக்க வேண்டும். அஷூரிலோ இப்படி உள்ளிருந்து அணைப்பதால் வாடகை நிற்காது; அங்கே சேவையின் பக்கத்திலேயே தானியங்கி நிறுத்தத்தை அமைக்க வேண்டும்.

விலைப்பட்டியலில் காணும் தொகையுடன் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும்; பதிவு பெற்ற தொழிலகங்கள் தம் ஜிஎஸ்டி எண்ணைக் கணக்கில் சேர்த்துவிட்டால் உள்ளீட்டு வரி வரவு பெற வழியுண்டு.

வேலை முழுவதும் முடிந்ததும் வேண்டிய கோப்புகளை இறக்கிக்கொண்டு, இயந்திரம், வட்டு, வட்டின் நகல்கள், முகவரி ஆகிய நான்கையும் அழிக்க வேண்டும். அடுத்த மாதப் பில்லில் பூஜ்யம் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கணக்கை மூடலாம்.