பழைய போர்க்லிப்டின் கியர்பொக்ஸ் கோளாறு: கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மலையகத்தின் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் மரக்கறிச் சேகரிப்பு நிலையங்களிலும் ஓடும் போர்க்லிப்டுகளில் பல, யப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு வந்தவை. அவற்றின் கியர்பொக்ஸில் கோளாறு என்று சொல்லப்படுபவற்றுள் கணிசமானவை கியர்பொக்ஸுக்கு வெளியிலேயே இருக்கின்றன. ஆகவே, ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கீழ்க்காணும் வரிசையில் பார்ப்பது நல்லது. இவ்விளக்கம் கிளச் பெடல் இல்லாத, டோர்க் கன்வர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் பாகம்) பொருத்திய வண்டிகளுக்கானது.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பாரம் தூக்கும் முட்கரங்களைத் தரை வரை இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். உயர்த்திய முட்கரங்களின் கீழ் எக்காரணம் கொண்டும் போகக் கூடாது.

1. இழுவை குறைவா, வழுக்கலா?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத எஞ்சின், கொழும்பில் தரும் வலுவை அங்கே தராது. பாரத்தோடு சரிவில் ஏறும்போது எஞ்சினின் சத்தம் தணிந்து வண்டியும் தளருமானால், குறை பெரும்பாலும் எஞ்சினிலோ எயர் பில்டரிலோ இருக்கும். எஞ்சின் இரைச்சல் கூடியும் வண்டி நகராவிட்டால்தான் அது வழுக்கல். இந்த வேறுபாட்டைக் காதால் பிரித்தறியாமல் மேற்கொண்டு போவதில் பயனில்லை.

2. ஒயிலைப் பாருங்கள்

பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் சூடாகி, மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, லீவர் நியூட்ரலில் இருக்கும்போதே டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். சிலவற்றில் முறை வேறு என்பதால் கையேட்டைப் பாருங்கள். ஒட்டப்பட்ட தகடு யப்பானிய எழுத்தில் இருந்தால், மொடல் இலக்கத்தைக் கொண்டு கையேட்டைத் தேடி எடுத்து, அதில் குறித்த ஒயிலையே ஊற்றுங்கள். கையில் கிடைத்ததைக் கலப்பதுதான் பழைய வண்டிகளுக்கு நேரும் பெரிய கேடு.

டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கருகிய வாடையுடன் கரும்பழுப்பாக இருந்தால் கியர்பொக்ஸுக்குள் இருக்கும் கிளச் தட்டுகள் எரிந்திருக்கலாம். நுரை நிறைந்திருந்தால் ஒயில் அளவுக்கு மிஞ்சியிருக்கலாம், அல்லது உறிஞ்சு குழாயின் இணைப்பு வழியே காற்று புகுந்திருக்கலாம். பாற்தேநீர் நிறத்தில் இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் குளிரூட்டி கசிந்து தண்ணீர் கலந்திருக்க வாய்ப்புண்டு. அந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

3. எந்நேரத்தில் வழுக்குகிறது?

தை மாதக் குளிரில் காலையில் மட்டும் லீவர் போட்டுச் சில வினாடிகள் கழித்து நகர்ந்து, சூடானதும் சரியாகிவிட்டால், ஒயில் தடித்திருக்கிறது அல்லது தவறான வகை ஊற்றப்பட்டிருக்கிறது. மாறாக, காலையில் நன்றாக ஓடி மதியத்துக்குப் பின் வழுக்குமானால், ஒயில் இளகியதும் தேய்ந்த சீல்கள் வழியாகவோ பம்ப் வழியாகவோ அழுத்தம் கசிகிறது என்று கொள்ளலாம். ஆனால் தேயிலைத் தொழிற்சாலையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சலிப்பறையில் பறக்கும் தூசும் நாரும் ரேடியேட்டர் தகடுகளில் மெத்தை போலப் படிந்து, ஒயிலை அளவுக்கு மீறிச் சூடாக்கிவிடும். பெரும்பாலான போர்க்லிப்டுகளில் விசிறி காற்றைப் பின்புறமாக வெளியே தள்ளுவதால், அழுக்கு எஞ்சின் பக்கத்திலேயே ஒளிந்திருக்கும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, பின்புறத்திலிருந்து உள்நோக்கிக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

4. ஒரு திசையிலா, இரு திசையிலுமா?

முன்னும் பின்னும் நகராவிட்டால் காரணம் பொதுவானது: ஒயில் குறைவு, அடைத்த வடி (ஒயிலை வடிகட்டும் வலை), கைப்பிரேக் முழுதாக விடுபடாமை, அல்லது இன்சிங் பெடல் (வண்டியைச் சிறிது சிறிதாக நகர்த்த உதவும் பெடல்). அந்தப் பெடலைச் சற்றே அழுத்தினாலும் கிளச் அழுத்தம் குறையும். அதன் கீழ் கால்விரிப்பு சிக்கியிருந்தாலோ, சுயேச்சையாக அசையும் இடைவெளி இல்லாமற் போனாலோ, நல்ல கியர்பொக்ஸும் வழுக்கும். இதைச் சரிபார்க்கச் செலவே இல்லை.

ஒரு திசை மட்டும் இல்லையென்றால், மின் லீவர் உள்ள வண்டிகளில் எஞ்சினை நிறுத்தி, திறப்பை மட்டும் திருப்பி, லீவரை அத்திசைக்குத் தள்ளுங்கள். சொலினொய்ட் (ஒயில் வால்வை இயக்கும் மின்காந்தம்) 'டிக்' என்று ஒலிக்க வேண்டும். ஒலி இல்லாவிட்டால் பியூஸ், வயர், சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். ஒலித்தும் நகராவிட்டால் வால்விலோ அத்திசைக்குரிய கிளச்சிலோ குறை இருக்கலாம்.

5. பில்டரும் வடியும்

ஒயிலை வடிக்கும்போது திருகுமூடியின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருப்பது வழமையே. நகத்தில் தட்டுப்படும் உலோகச் செதில்கள் இருந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றபடி வடியைக் கழுவி, பில்டரை மாற்றி, புதிய ஒயில் ஊற்றி, மறுபடியும் அளவு பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வழுக்கினால் அழுத்தமானி பொருத்தி அளக்க வேண்டும். அது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை. அவரது கராஜுக்கு வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பம்பும் சுற்றாது, கியர்பொக்ஸுக்கு ஒயில் போகாது. தாழ்தள லொறியில் ஏற்றியே அனுப்ப வேண்டும்.