வீட்டில் கட்டும் விமானத்துக்குக் கட்டுபடியாகும் ப்ரொப்பெல்லர்

ஃபோக்ஸ்வேகன் கார் எஞ்சினோ கான்டினென்டல் ஓ-200 விமான எஞ்சினோ, சிறிய எஞ்சினுக்குக் கட்டுபடியாவது பிட்ச் (பிளேடின் சாய்வு) மாறாத மர ப்ரொப்பெல்லர்தான். பழைய அலுமினிய ப்ரொப்பெல்லரை வாங்கி நுனியை வெட்டிப் பொருத்தவே வேண்டாம். வெட்டிய பிளேடின் இயல்பான அதிர்வெண் மாறி எஞ்சின் துடிப்போடு ஒத்துப்போனால் பிளேடு முறியும். சமநிலை குலைந்து எஞ்சினே பிய்ந்து போகலாம்.

நுனி வேகத்தைக் கணக்கிடுங்கள்: விட்டம் (மீட்டர்) × ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று) × 0.0524. 1.52 மீட்டர், 3200 சுற்று என்றால் விநாடிக்குச் சுமார் 255 மீட்டர். 270ஐத் தாண்டினால் இழுவிசையைவிடச் சத்தம்தான் கூடும்.

மரம் காய்ந்து சுருங்கும், போல்ட் தளரும், ஹப் (எஞ்சினோடு போல்ட் போடும் நடுப்பகுதி) உரசிக் கருகும். முதல் பறத்தலுக்குப் பிறகும் பருவம் மாறும்போதும் போல்ட் இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) சரிபாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவை மீறினால் மரநார் நசுங்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றுங்கள்: இரு நுனிகளும் ஒரே தடத்தில் சுற்ற வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்று முன்பின்னாக 3 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது.