விலை குறைந்த விளையாட்டு வாட்ச்சும் விலை உயர்ந்த பயண வாட்ச்சும்: நாமே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

இரண்டு நேர மண்டலங்களை ஒரே டயலில் காட்டும் வாட்ச்சுகளில் (இவற்றை ஜி.எம்.டி. வாட்ச் என்பார்கள்) விலை குறைந்த ஒன்றையும் அதைப் போலப் பல மடங்கு விலையுள்ள ஒன்றையும் அருகருகே வைத்தால், முதல் பார்வையில் பெரிய வேறுபாடு தெரியாது. இரண்டிலும் வழக்கமான மூன்று முட்களோடு, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை டயலைச் சுற்றிவரும் நான்காவது முள்ளும் இருக்கும். 2022-இல் வெளிவந்த சீகோ 5 ஸ்போர்ட்ஸ் ஜி.எம்.டி.யையும், 2018-இல் வெளிவந்த டியூடர் பிளாக் பே ஜி.எம்.டி.யையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் செய்ய வேண்டியது, பக்கவாட்டிலுள்ள குமிழை ஒரு நிலை மட்டும் வெளியே இழுத்துத் திருகுவது (டியூடரில் குமிழின் மரையை முன்னதாகக் கழற்றிக்கொள்ள வேண்டும்). இரவு 9 மணி முதல் அதிகாலை 4 மணி வரை தேதிச் சக்கரம் நகர்ந்துகொண்டிருக்கக்கூடும் என்பதால், இந்தச் சோதனையைப் பகலில் செய்யுங்கள். சீகோவில் ஒரு பக்கம் திருகினால் தேதி மாறும். மறுபக்கம் திருகினால் 24 மணி முள் மட்டும் தாவும். டியூடரில் தாவுவது சாதாரண மணி முள். நிமிட முள்ளும் நொடி முள்ளும் எதுவும் நடவாததுபோல் ஓடிக்கொண்டிருக்க, அது மட்டும் ஒவ்வொரு மணியாக முன்னும் பின்னும் நகரும், நள்ளிரவைக் கடக்கும்போது தேதியும் கூடவே மாறும்.

விலை வேறுபாட்டின் பெரும்பகுதி இந்த ஒரு தாவலில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. விமானம் தரையிறங்கியதும் டியூடர் அணிந்தவர் நான்கைந்து தாவல்களில் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடுவார். சீகோ அணிந்தவரோ குமிழை இரண்டாம் நிலைக்கு இழுத்து, நொடி முள்ளை நிறுத்தி, எல்லா முட்களையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். ஆனால், இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு வெளிநாட்டிலுள்ள மகளுக்குத் தொலைபேசியில் பேச நேரம் பார்ப்பவருக்குச் சீகோவின் முறைதான் எளிது. அவருக்கு விலை உயர்ந்தது தேவையே இல்லை.

அடுத்து, டயலைச் சுற்றியுள்ள, 24 மணி நேர எண்கள் கொண்ட பெசல் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். 1950-களில் வந்த முதல் ரோலக்ஸ் ஜி.எம்.டி. மாஸ்டரில் 24 மணி முள்ளைத் தனியாக நகர்த்த முடியாது. இரண்டாவது நேரத்தைப் பெசலைத் திருப்பித்தான் படித்தார்கள். டியூடரின் பெசல் ஒரு சுற்றுக்கு 48 முறை ‘டிக்’ என்று நிற்கும், அதாவது அரை மணிக்கு ஒரு நிறுத்தம். எனவே ஐந்தரை மணி நேர வித்தியாசத்தையும் அதில் சரியாக வைக்கலாம். ஐந்தே முக்கால் என்றால் கண்ணளவுதான்.

மூன்றாவது சோதனைக்கு ஒரு வாரம் ஆகும். முழுமையாகச் சாவி கொடுத்து, கைபேசியின் நேரத்தோடு நொடி பிசகாமல் பொருத்தி, ஏழு நாட்கள் வழக்கம்போல் அணிந்து, அதே வேளையில் வித்தியாசத்தைக் குறித்து ஏழால் வகுத்தால் நாளொன்றின் பிழை கிடைக்கும். சீகோவின் இயந்திரத்துக்கு நாளொன்றுக்கு 45 நொடி முந்துவது முதல் 35 நொடி பிந்துவது வரை அனுமதி உண்டு. டியூடரின் இயந்திரம் பெறும் காஸ்க் (வாட்ச்சுகளின் துல்லியத்தைச் சோதிக்கும் சுவிஸ் அமைப்பு) சான்றிதழின் சராசரி வரம்போ 6 நொடி முந்துவதும் 4 நொடி பிந்துவதும் மட்டுமே. வரம்பின் விளிம்பில் நின்றால், ஒரு வாரத்தில் அது 5 நிமிடம் 15 நொடிக்கும் வெறும் 42 நொடிக்கும் உள்ள வேறுபாடு. நடைமுறையில் பல சீகோக்கள் இதைவிட நன்றாகவே ஓடும்.

பிறகு, இரண்டுக்கும் முழுச் சாவி கொடுத்து வெள்ளி மாலை 6 மணிக்குக் கழற்றி மேசைமேல் வையுங்கள். திங்கள் காலை 8 மணிக்கு 62 மணி நேரம் கடந்திருக்கும். ஒருமுறை முழுச் சாவி கொடுத்தால் 41 மணி நேரம் ஓடும் சீகோ நின்றிருக்கும். 70 மணி நேரம் ஓடும் டியூடர் ஓடிக்கொண்டிருக்கும்.

கண்ணாடியில் சீகோவின் ஹார்ட்லெக்ஸைவிட (கடினமாக்கிய கனிமக் கண்ணாடி) டியூடரின் சஃபையரில் (செயற்கை நீலக்கல்) கீறல் விழுவது அரிது. நீர்த்தடுப்பு முறையே 100 மீட்டர், 200 மீட்டர். நீந்துவதற்கு முதலாவதே போதும்.

கடைசியாக, இரண்டையும் மாறி மாறிக் கட்டிக்கொண்டு முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். விட்டத்தில் 41 மில்லிமீட்டரான டியூடர் 42.5 மில்லிமீட்டர் சீகோவைவிடச் சிறியதுதான், ஆனால் தடிமனில் பெரியது. துணி சிக்கி நிற்பது பெரும்பாலும் அதன் விளிம்பில்தான்.